ஏழாவது நிரலின் விடை

எங்கள் கல்லூரியில் கணினி நிரல்கள் ஓடுவதில்லை. எழுதப்படுகின்றன.

நோட்டில் வலது பக்கம் கோடு போட்டது. அதில் நீல மையில் நோக்கம், வழிமுறை, நிரல். இடது பக்கம் வெள்ளை. அதில் பென்சிலால் விடை. கடைசியில் கருப்பு மையில் ஒரு வரி: 'மேற்கண்ட நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது.' அதன் கீழே லேப் பொறுப்பாளர் கையெழுத்து. அதற்கும் கீழே துறைத்தலைவர் கையெழுத்து. இப்படிப் பன்னிரண்டு பயிற்சிகள். காக்கி அட்டை போட்ட இந்த நோட்டுக்கு ரெக்கார்டு என்று பெயர். எல்லாப் பயிற்சியிலும் இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் ஹால் டிக்கெட்.

லேப் பொறுப்பாளர் நான். பெயர் திலீப்.

கல்லூரி புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில் இருக்கிறது. லேப்பில் நாற்பது கணினிகள். பத்தொன்பது உயிர்பெறும். மீதி இருபத்தொன்றும் ஆய்வுக் குழு வரும் நாளில் துடைக்கப்படும். மற்ற கல்லூரிகளில் நிரலாக்கம் முதலாண்டுப் பாடம். எங்களிடம் கடைசி செமஸ்டர். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மறந்துவிடக் கூடாது என்று முதல்வர் காரணம் சொல்வார்.

மாணவர்கள் கணினியைப் பார்த்து விடை எழுதுவதில்லை. மாஸ்டர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறார்கள். பதினான்கு வருடம் முன்பு ஒரு மாணவி எழுதியது. அவள் இப்போது கனடாவில் இருப்பதாகச் சிலரும் கூடூரில் இருப்பதாகச் சிலரும் சொல்கிறார்கள். நோட்டு இரும்பு பீரோவில் பட்டுத் துணி சுற்றி இருக்கும். ஆயுத பூஜைக்கு லேப் உதவியாளர் அப்பாவு அதற்குப் பொட்டு வைப்பார். அதன் ஜெராக்ஸ் வாசல் கடையில் கிடைக்கும். ஆண்டுக்கு அறுபது பேர் அதைப் பார்த்து எழுதுகிறார்கள். கடைசியில், நிரலை இயக்கிச் சரிபார்த்ததாகவும் எழுதுகிறார்கள்.

ஏழாம் பயிற்சியின் இடது பக்கத்தில் ஒரு டீ கிளாஸின் கறை உண்டு. வட்டமாக, பழுப்பு நிறத்தில். ஜெராக்ஸில் அது கருப்பு வட்டமாக விழும். ஏதோ ஒரு வருடம் ஒரு பையன் அது விடையின் பகுதி என்று நினைத்து காம்பஸ் வைத்து வரைந்தான். மறு வருடம் எல்லோரும் வரைந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வட்டத்துக்கு இரண்டு மதிப்பெண் ஆகியிருந்தது.

ஏழாம் பயிற்சியே இந்தக் கதை. அதனால் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டு எண்கள். பத்து, இருபது. இவற்றை இடம் மாற்ற வேண்டும். நிரலுக்குள் இதற்கென்று ஒரு வேலையாள் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனிடம் எண்களை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். ஒன்று, எண்களின் நகலைக் கொடுப்பது. அவன் நகலில் இடம் மாற்றுவான். ஒழுங்காகத்தான் மாற்றுவான். வேலை முடிந்ததும் நகல் குப்பைக்குப் போகும். அசல் இருந்தபடியே இருக்கும். பத்து, இருபது. இன்னொன்று, எண்கள் இருக்கும் இடத்தின் விலாசத்தைக் கொடுப்பது. அவன் அங்கேயே போய் மாற்றிவிட்டு வருவான். இருபது, பத்து.

மாஸ்டர் ரெக்கார்டில் இருக்கும் நிரல் நகலைக் கொடுக்கிறது. அதன் இடது பக்கத்தில் இருக்கும் விடை இருபது, பத்து.

அது வராது. எந்தக் கணினியிலும் எந்த நாளிலும் வராது.

எனக்கு முதல் வருடமே தெரியும். வீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்வர்ணலதா எட்டிப் பார்த்தாள். என் மனைவி. ஸ்ரீசிட்டியில் மென்பொருள் வேலை பார்த்தாள்.

"இது மாறாதே" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா போடறீங்க?"

"அறுபது பேர் லதா."

"அப்ப அறுபது பொய்" என்றாள். சிரித்துக்கொண்டே காபி வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகும் போட்டேன். அவள் இறந்து பதினோரு மாதம் ஆகிறது.

*

அந்தத் திங்கட்கிழமை துறைத்தலைவர் முனிரத்தினம் சாரின் அறையில் கன்னிகா நின்றுகொண்டிருந்தாள். கடைசி வருட மாணவி. பாலசமுத்திரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள். அவளுடைய ரெக்கார்டு மேசைமேல் விரிந்திருந்தது. இடது பக்கத்தில் பத்து, இருபது என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. அதன் கீழே, முதல் வாரமே நான் போட்ட கையெழுத்து. பார்க்காமல் போட்டது.

"இன்னாம்மா இது?"

"விடை சார்."

"விடை எனக்குத் தெரியும்மா. பதினாலு வருஷமாப் பாத்துக்கினு கீறேன். இருபது, பத்து. நீ இன்னா தலைகீழா எழுதிக்கினு வந்துகீற?"

"நான் ஓட்டிப் பாத்தேன் சார்."

முனிரத்தினம் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு ஓட்டச் சொன்னது?"

அந்தக் கேள்விக்கு எங்கள் கல்லூரியில் பதில் கிடையாது. ரெக்கார்டின் கடைசி வரி 'இயக்கப்பட்டு' என்று சொல்கிறது. யாரால் என்று சொல்வதில்லை.

"வட்டத்த மட்டும் எவ்ளோ அழகா வரைஞ்சிகீற பாரு. அந்த புத்தி விடையில இல்லையே. போ. அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு வேற எழுதிக்கினு வா."

"எழுத மாட்டேன் சார். வராத விடைய எப்படி வந்ததுன்னு எழுதறது?"

"எழுதலன்னா ஹால் டிக்கெட் கெடையாது. வியாழக்கிழமை பிராக்டிகல். புதன்கிழமை அஞ்சு மணிக்குள்ள எழுதிக்கினு வர்ற."

வராந்தாவில் அவள் என்னிடம் கணக்குச் சொன்னாள். ஸ்ரீசிட்டி கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை உத்தரவு கொடுத்திருந்தது. ஒரே நிபந்தனை, அரியர் இருக்கக் கூடாது. பிராக்டிகல் போனால் அடுத்த தேர்வு நவம்பரில்.

"நவம்பருக்குள்ள எங்க நைனா கல்யாணத்த முடிச்சிருவாரு சார். மாப்ளை ரெடியா கீறாரு. ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு, ஒரு போர்வெல், ஒரு புல்லட்டு."

"மாற்றி எழுதிடேன்."

"நீங்க சொல்றீங்களா சார்?"

நான் சொன்னதுதான். அவள் என்னைப் பார்த்த விதத்தை விவரிக்க விரும்பவில்லை.

*

மதியம் முனிரத்தினம் சார் லேப்புக்கே வந்தார். நியாயமான மனிதர் என்று பெயர் எடுத்தவர்.

"எந்த மிஷின்ல ஓட்டின?"

"பதினாலாம் நம்பர் சார்."

"என் எதிரிலயே ஓட்டு."

ஓட்டினாள். பத்து, இருபது.

"மிஷின்ல கோளாறு" என்றார். "அப்பாவு, பேப்பர் ஒட்டு."

அப்பாவு ஒரு தாளில் 'பழுது' என்று எழுதி பதினாலாம் கணினியின் திரையில் ஒட்டினார். ஒன்பதாம் நம்பருக்குப் போனோம். பத்து, இருபது. பழுது. மூன்றாம் நம்பர். பத்து, இருபது. பழுது.

"வைரஸு" என்றார் முனிரத்தினம் சார். "ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வரும். இதுக்குத்தான் நான் மிஷினத் தொடாதீங்கன்னு சொல்றது."

நான்கு மணிக்குப் பத்தொன்பது கணினிகளும் பழுதாகியிருந்தன. திறக்காத இருபத்தொன்றில் தாள் இல்லை. லேப்புக்குள் புதிதாக யாராவது வந்தால் அவைதான் நன்றாக இருப்பவை என்று நினைத்திருப்பார்கள்.

என் மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினேன். பத்து, இருபது.

முனிரத்தினம் சார் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"உங்களுதும் போச்சா திலீப்? வீட்டுல ஏற்கெனவே ஆயிரம் கஷ்டம் உங்களுக்கு" என்றார். அப்பாவுவிடம் கண்ணைக் காட்டினார். அப்பாவு பசை டப்பாவோடு என் பக்கம் வந்தார்.

*

முதல்வர் ஹேமநாத் விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். உண்மை அறியும் குழு அமைத்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். முனிரத்தினம் சார் ஒரு உறுப்பினர். நடுநிலைக்காக உடற்கல்வி இயக்குநர், நூலகர். அழைப்பாளர் நான். மாணவி வாசலில் காத்திருக்க வேண்டும்.

கூட்ட அறை மேசையில் ஒரு கேக் இருந்தது.

"முதல்ல சுபகாரியம்" என்றார் முதல்வர். "திலீப்புக்கு இன்னிக்கு வெட்டிங் டே. அலுவலகத்துல லிஸ்ட் குடுத்திருக்காங்க."

அலுவலகத்தில் இந்திராணி மேடம் மாதா மாதம் ஊழியர் பதிவேட்டைப் பார்த்துப் பிறந்தநாள், மணநாள் பட்டியல் எடுப்பார். பதிவேட்டில் என் வரியில் மனைவி ஸ்வர்ணலதா என்று இருக்கிறது. அவள் இறந்ததும் கடிதம் கொடுத்தேன். கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்தார்கள். பதிவேட்டில் என் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்தார்கள். அந்த ஜெராக்ஸில் அவள் பெயரை அடித்து, என் கடிதத்தோடு பின் குத்தி, கோப்பில் வைத்தார்கள். திருத்தியாயிற்று என்று எனக்குப் பதில் கடிதம் வந்தது. மூன்று முறை கொடுத்தேன். மூன்று முறையும் திருத்தினார்கள்.

அறையில் இருந்த நால்வரும் சாவுக்கு வந்தவர்கள். முனிரத்தினம் சார் மாலையே கொண்டுவந்தார்.

ஆனால் லிஸ்டில் இருக்கிறது. கத்தியை என் கையில் கொடுத்தார்கள். வெட்டினேன். கை தட்டினார்கள்.

"மேடத்துக்கு ஒரு பீஸ் பேக் பண்ணிக் குடுங்கப்பா" என்றார் முதல்வர்.

அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். அதை மேசைமேல் என் முன்னால் வைத்துக்கொண்டு குழுவின் வேலையைத் தொடங்கினேன்.

உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாஸ்டர் ரெக்கார்டின் ஏழாம் பக்கத்து நகல் தரப்பட்டது. 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தியிருந்தது. நான் கரும்பலகையில் விளக்கினேன். நகலைக் கொடுத்தால் நகல்தான் மாறும். அசல் மாறாது.

உடற்கல்வி இயக்குநர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், கபடி டீம் லிஸ்ட்ட ஜெராக்ஸ் எடுத்து அதுல நம்பர மாத்தி எழுதினா, கிரவுண்டுல நிக்கற பையன் முதுகுல நம்பர் மாறாது. அந்தே கதா?"

"அதேதான் சார்."

"அப்ப அந்தப் பொண்ணு எழுதினது கரெக்டு."

நூலகர் தன் நகலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முனிரத்தினம் சார் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் பெருந்தன்மையோடு தலையாட்டினார்.

"தப்புன்னா ஒத்துக்கணும். நம்ம காலேஜுக்கு அந்த தைரியம் இருக்கு. எல்லாரும் திருத்துங்க."

சாக்பீஸைக் கீழே வைத்தேன். நால்வரும் பேனாவை எடுத்தார்கள். தங்கள் தங்கள் நகலில் இருபது, பத்து என்பதை அடித்துவிட்டு பத்து, இருபது என்று எழுதினார்கள். சுருக்கொப்பம் இட்டார்கள். நான்கு நகல்களையும் முதல்வர் பின் குத்தி ஒரு கோப்பில் வைத்தார். கோப்பின் மேல் 'பிழை திருத்தப்பட்டது' என்று எழுதினார்.

"முடிஞ்சது" என்றார்.

"சார், மாஸ்டர் ரெக்கார்டு?"

"அதுக்கு என்ன?"

"அதுல இன்னும் இருபது, பத்துன்னுதான் இருக்கு. ஹெச்ஓடி சார் அதப் பாத்துத்தான் கையெழுத்துப் போடுவார்."

"ஆமா" என்றார் முனிரத்தினம் சார். "மாஸ்டர்ல எப்படி கீதோ அப்படித்தான் போடுவேன்."

"அப்ப கன்னிகாவுக்கு?"

"அந்தப் பொண்ணு மாஸ்டர்ல கீற மாதிரி எழுதிக்கினு வரட்டும்."

முதல்வர் எழுந்து நின்றார். உட்கார்ந்து பேச முடியாத விஷயங்களுக்கு அவர் எழுந்து நிற்பார்.

"ஏமய்யா திலீப், நீங்க சின்னப் புள்ள. ஒரிஜினல்ல யாராவது கை வைப்பாங்களா? அதுக்குத்தான் தேவுடு ஜெராக்ஸ் மிஷின குடுத்திருக்கான். நான் முதல்வரா ஒன்பது வருஷம். ஒரு ஒரிஜினலயும் தொட்டதில்ல. என் பெரிய பையன் சர்ட்டிபிகேட் ஒரிஜினல் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. போன தடவ ஆய்வுக் குழு வந்தாங்க. பதினாலு வருஷத்து ரெக்கார்டப் பொரட்டிப் பாத்தாங்க. எண்ணூத்தி நாப்பது பசங்க, ஒரே விடை. ஒரே எடத்துல வட்டம். அவங்க தலைவர் என் கையப் புடிச்சிக்கிட்டு கண் கலங்கினார். 'இந்த மாதிரி ஒழுங்கு நான் எங்கயும் பாக்கல'ன்னார். அதுதான் குவாலிட்டி. சரியான விடை ஆயிரம் பேர் எழுதுவான். ஒரே விடை எழுதணும்னா அதுக்கு ஒரு காலேஜ் வேணும்."

உடற்கல்வி இயக்குநர் முதலில் கை தட்டினார்.

"ஆனாலும் நான் கதவ மூட மாட்டேன்" என்று முதல்வர் தொடர்ந்தார். "நம்ம மாஸ்டர், சித்தூர்ல ஒரு காலேஜ் இருக்கே, அவங்க ரெக்கார்டப் பாத்து எழுதினதுன்னு கேள்வி. அவங்களுது மூலம். அதுல பத்து, இருபதுன்னு இருந்தா, நம்மளுத மாத்தலாம். இன்னிக்கே போய்ப் பாத்துட்டு வாங்க."

வாசலில் கன்னிகா நின்றிருந்தாள். என் கையில் இருந்த அலுமினியப் பொட்டலத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

*

கார்வேட்டிநகரம் வழியாகப் போகும் பஸ்ஸில் போனேன். கேக் ஜன்னலோரம் இருந்தது. பாதி வழியில் எறும்பு வந்தது. ஒரு நிறுத்தத்தில் கீழே இறங்கி நாய்க்குப் போட்டேன். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

சித்தூர் கல்லூரியின் துறைத்தலைவர் சிவசங்கரி மேடம். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் பரவசமானார்.

"உங்க காலேஜிலிருந்தா? வாங்க வாங்க. உங்க ரெக்கார்டத்தான் நாங்க மாஸ்டரா வெச்சிக்கினு கீறோம்."

"எங்களுது உங்களப் பாத்து எழுதினதுன்னு சொன்னாங்க மேடம்."

"இல்லியே. எங்களுதுதான் உங்களப் பாத்து எழுதினது."

பீரோவைத் திறந்தார். இவர்களும் பட்டுத் துணி சுற்றியிருந்தார்கள். இவர்களுடையது மஞ்சள். ஏழாம் பக்கம். இருபது, பத்து. பக்கத்தில் வட்டம். பழுப்பு நிறத்தில் கலர் பென்சிலால் தீட்டியிருந்தது.

"இந்த வட்டம் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பசங்க கேக்கறாங்க. மெமரின்னு சொல்லி வெச்சிகீறேன்."

"டீ கிளாஸ் மேடம்."

அவர் சிரித்தார். நான் வேடிக்கை பேசுபவன் என்று முடிவு செய்துகொண்டார்.

"எப்பயாச்சும் ஓட்டிப் பாத்திருக்கீங்களா மேடம்?"

"எதுக்கு சார்? விடைதான் இங்கயே கீதே."

கிளம்பும்போது ஒன்று சொன்னார். வியாழக்கிழமை எங்கள் கல்லூரிக்கு வெளித்தேர்வாளராக வரப்போவது அவர்தான்.

*

புதன்கிழமை காலை முதல்வரிடம் விவரம் சொன்னேன். அவர்கள் எங்களைப் பார்த்து எழுதியதாகச் சொல்கிறார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்து எழுதியதாகச் சொல்கிறோம். முதல்வர் இதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். "ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு? அப்ப ரெண்டு சாட்சி" என்றார்.

கன்னிகா லேப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது பழுதுகளுக்கு நடுவில். அவள் முன்னால் ரெக்கார்டும் ஒரு புது வெள்ளைத் தாளும் இருந்தன.

"எங்க நைனா போன் பண்ணாரு சார். ஹால் டிக்கெட் வந்துச்சான்னு கேட்டாரு. வரலன்னு தெரிஞ்சா மாப்ளை ஊட்டுக்கு சேதி சொல்லிருவாரு. ரெண்டு நம்பரு. மாத்தி எழுத எவ்ளோ நேரம் ஆவும்? அஞ்சு மணிக்குள்ள எழுதிடலாம்னு கை வருது சார். கண்ணால பாத்ததுக்கு அப்பால எழுத மாட்டேங்குது."

"எழுதாதே" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"அஞ்சு மணிக்கு இதே ரெக்கார்ட எடுத்துக்கினு ஹெச்ஓடி ரூமுக்கு வா. ஒரு எழுத்தும் மாத்தாத. அந்த சிவப்பு மையை மட்டும் வெள்ளை மையால அழிச்சிடு."

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அப்பாவு டிபன் டப்பாவோடு கிளம்பிக்கொண்டிருந்தார். பீரோ சாவி அவர் இடுப்புக் கயிற்றில் இருக்கும்.

"அப்பாவுண்ணா, சாவி வேணும்."

"எதுக்கு?"

"ஒரு பேர் அடிக்கணும்."

லேப் ரெக்கார்டுகளும் ஊழியர் பதிவேடும் ஒரே பீரோவில்தான் இருக்கின்றன. கல்லூரியில் பூட்டுப் போடக்கூடிய பீரோ அது ஒன்றுதான். அப்பாவு டிபன் டப்பாவைக் கீழே வைத்தார். லதாவின் பாடைக்கு முன்பக்கம் என்னோடு தோள் கொடுத்தவர் அவர். செவ்வாய்க்கிழமை அவர் கேக் வாங்கிக்கொள்ளவில்லை.

"சொம்மா தொறக்கக் கூடாது. ரூலு" என்றார். கயிற்றை அவிழ்த்து சாவியை என் மேசைமேல் வைத்தார். "நான் துன்னுட்டு வர அர அவரு ஆவும். இன்னிக்கு கருவாட்டுக் கொழம்பு. முள்ளு ஜாஸ்தி. முக்கா அவருகூட ஆவும்."

பட்டுத் துணியை அவிழ்த்தேன். வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் அந்த நோட்டை அருகில் பார்ப்பது அதுவே முதல் முறை. இதுவரை ஜெராக்ஸைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் பக்கத்துக்குப் போனேன். டீக் கறையைப் பார்த்தேன். பிறகு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

வட்டத்தின் நடுவில் ஒரு ஓட்டை. ஊசி முனை அளவு. காம்பஸ் குத்திய இடம்.

எங்கள் மாஸ்டரும் நகல். வேறு எதையோ பார்த்து எழுதியது. அசலான டீ கிளாஸ் எந்த ஊரில் எந்த மேசையில் இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் பார்த்தேன். இடது பக்கம் எப்போதும் பென்சில். எண்ணூற்று நாற்பது பேர் சரிபார்த்த விடை பென்சிலில் இருந்தது. கன்னிகாவின் மேசையில் ரப்பர் கிடந்தது. எடுத்து வந்து அழித்தேன். பத்து, இருபது என்று எழுதினேன். துகளை ஊதினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு ஊழியர் பதிவேட்டை எடுத்தேன். என் வரி முப்பத்தொன்று. மனைவி: ஸ்வர்ணலதா. அதற்கு மட்டும் நல்ல மை. ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். 'மறைவு' என்று எழுதி, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டேன். அவள் இந்த இடத்தில் உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

*

ஐந்து மணிக்கு முனிரத்தினம் சார் மேசையில் மாஸ்டர் ரெக்கார்டு விரிந்திருந்தது. பக்கத்தில் கன்னிகாவின் ரெக்கார்டு. இடது ஆள்காட்டி விரல் அதில், வலது ஆள்காட்டி விரல் இதில். இரண்டு விரலும் ஒன்றாக நகர்ந்தன. பத்தில் நின்றன. இருபதுக்குப் போயின. வட்டத்தைச் சுற்றி வந்தன.

அவர் விரல்கள் கொஞ்சம் தயங்கின. மறுபடியும் பத்துக்குப் போயின. அவர் நிமிர்ந்து கன்னிகாவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா? ரெண்டு நாளு அவ்ளோ அடம் புடிச்ச. கடைசியில மாத்திக்கினு வந்துட்டல்ல?"

அவள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"தப்பு செய்யறது பெரிசில்ல. திருத்திக்கணும். நாங்க எதுக்குக் கீறோம்?" என்றார் முனிரத்தினம் சார். கையெழுத்துப் போட்டார். பிறகு மற்ற ஐம்பத்தொன்பது ரெக்கார்டுகளையும் மாஸ்டரோடு ஒப்பிட்டார். மூன்றாவதில் திகைத்தார். பத்தாவதில் கோபமானார். "இன்னா இது, மொத்த க்ளாஸும் தப்பா எழுதிக்கினு கீது! நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்! நீங்களும் பாக்கலையா திலீப்?"

"கவனிக்கல சார்" என்றேன். பார்க்காமல் போட்டவைதான். மூன்று வருடத்தில் நான் சொல்லி அவர் நம்பிய உண்மை அது ஒன்றுதான்.

ஐம்பத்தொன்பது பேரும் வராந்தாவில் உட்கார்ந்து விடையை மாற்றி எழுதினார்கள். ஆறு மணிக்கு எல்லாம் சரிபார்க்கப்பட்டது. அப்பாவு பத்தொன்பது கணினிகளிலிருந்தும் தாளைக் கிழித்தார். அவை எல்லாம் குணமாகிவிட்டன.

கன்னிகா ஹால் டிக்கெட்டை இரண்டாக மடித்துப் பையில் வைத்தாள்.

"நான் மாத்தவே இல்ல சார்."

"தெரியும்."

"நான் மாத்திட்டேன்னு சொல்றாரு. நானும் கம்முனு நின்னுக்கினு இருந்தேன்." பையின் ஜிப்பை மூடினாள். "அசிங்கமா கீது சார்."

"ஆமாம்" என்றேன்.

வியாழக்கிழமை சிவசங்கரி மேடம் வந்தார். கன்னிகாவுக்கு ஏழாம் பயிற்சியே விழுந்தது. ஓட்டிக் காட்டினாள். மேடம் திரையைப் பார்க்கவில்லை. மாஸ்டர் ரெக்கார்டைப் பார்த்தார். "ஓ, நீங்க மாத்திட்டீங்களா?" என்று கேட்டு ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். கன்னிகாவுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. இந்த முறை அவள் வட்டம் வரையவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எல்லோரையும் போர்டிகோவுக்கு வரச் சொல்லி மணி அடித்தது. புதுப் பட்டியல் எடுக்கப் பதிவேட்டைத் திறந்த இந்திராணி மேடம் என் வரியைப் பார்த்துவிட்டு முதல்வரிடம் ஓடியிருக்கிறார்.

நாற்காலியில் ஒரு மாலை இருந்தது. படம் இல்லாததால் மாலையை நாற்காலிக்கே போட்டிருந்தார்கள். இரண்டு நிமிடம் மௌனம். முனிரத்தினம் சார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பொய்யாகத் துடைக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஈரம் இருந்தது.

முதல்வர் பேசினார்.

"செவ்வாய்க்கிழமைதான் கேக் வெட்டினோம். மேடத்துக்கு ஒரு பீஸ் குடுத்தனுப்பினோம். மூணே நாள். மனுஷ வாழ்க்கை அந்தே. அவ்வளவுதான்."

முனிரத்தினம் சார் என் தோளில் கை வைத்தார். காதருகில் குனிந்தார்.

"ஏம்பா திலீப்... கேக்கு நல்லாத்தான இருந்துச்சு?"

மாணவர் வரிசையின் ஓரத்தில் கன்னிகா நின்றிருந்தாள். சான்றிதழ் வாங்க வந்தவள். கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்தாள்.

"சார், மேடம் போன வருஷமே... நாங்க எல்லாரும் வந்தமே சார்."

"ஆமாம்."

"அப்ப இது?"

"இப்பதான் ரெக்கார்டுல வந்திருக்கு."

அவள் அங்கே நிற்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஸ்ரீசிட்டிக்குப் போய்விட்டாள்.

இந்திராணி மேடம் இரங்கல் சுற்றறிக்கையை என்னிடம் நீட்டினார். எல்லா ஊழியர்களும் பார்த்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தொன்றாவது வரி எனக்கு. அதன் பக்கத்தில் அச்சடித்திருந்தது: 'படிக்கப்பட்டு சரிபார்க்கப்பட்டது.'

போட்டேன்.